இரண்டாம் நிமிடம், நாற்பதாவது நொடி

நேற்றிரவு சமையலறையில்
சர்க்கரை டப்பாமேல் கைபேசியைச் சாய்த்து
மோல் கணக்கை நடத்தி முடித்துவிட்டேன்.
குளிர்பெட்டி மட்டும்
உறுமிக்கொண்டே கேட்டது.

இன்று வகுப்பில் பேச எதுவுமில்லை.
இருபத்தொன்பது வருடம் பேசிய வாய்
அடிக்கடி தண்ணீர் குடிக்கிறது.

வெளியே புந்தா அரேனாஸின் காற்று
கொடிக்கம்பத்தைப் பிடித்து உலுக்க,
உள்ளே மேசைக்கு மேசை இரைச்சல்.
ஆக்சிஜன் எண்ணிக்கை இடிக்கிறதென்று
யாஸ்னா சண்டைக்கு நிற்கிறாள்.

யார் பார்த்தார்கள் என்று கணினி சொல்லும்:
இரட்டை வேகத்தில் ஓட்டி
என்னை அணிலாக்கியவர்கள் ஆறு பேர்.
பாதியில் தூங்கியவர்கள் நால்வர்.
கொன்ஸ்தான்சா திறக்கவே இல்லை;
அவள் வீட்டில் இணையம் கிடையாது,
பென்டிரைவில் தர மறந்தது நான்.

மிர்கோ,
நண்டு ஆலையில் இரவு ஷிப்ட் முடித்து
அதே நொடிக்குப்
பதினேழு முறை திரும்பி வந்திருக்கிறான்.

"புரிந்ததா?" என்று கேட்டபோதெல்லாம்
தலையாட்டியவன்.
மூன்று வருடத்தில்
ஒருமுறையும் கை தூக்காதவன்.

நாற்காலியை இழுத்துப்போட்டு
அவனருகே உட்கார்கிறேன்.
விரலில் நண்டு வாடை.
எங்கே என்றேன். காட்டினான்.

திரையில் நான் "ஆகவே" என்கிறேன்.
அதற்கும் முந்தைய வரிக்கும் நடுவே
கிராம் எப்படி மோல் ஆனது?
சொல்லவே இல்லை.

ஒவ்வொரு மார்ச்சிலும்
அந்தப் படியைத் தாண்டிக் குதித்திருக்கிறேன்,
பின்னால் வந்தவர்களைத்
திரும்பிப் பார்க்காமல்.

பென்சிலை நீட்டுகிறான்.
வரிகளுக்கிடையே இடம் போதவில்லை.
தாளைக் கொஞ்சம் சாய்த்து
ஓரத்தில் எழுதத் தொடங்குகிறேன்.