புள்ளி ஏழு

நேற்று ராத்திரி ஒன்பதுக்கு மாத்திரை.
இன்று காலை ஒன்பதுக்கு ரத்தம்.
நடுவில் பன்னிரண்டு மணி நேரம் இருக்கணும் என்று
ஸ்டான்லியில் எழுதித் தந்த சீட்டை
அரிசி டப்பா மூடியில் ஒட்டி வைத்திருக்கிறாள் டெல்பினா.
மூணு மாசத்துக்கு ஒரு தடவை
இந்த பெஞ்சில் சட்டைக் கையை மடித்து உட்காருகிறேன்.
பக்கத்தில் இருப்பவர், சுகரா என்று கேட்கிறார்.
உப்பு என்றேன்.
பிரஷரா என்றார்.
ஆமாம் என்று சொல்லிவிட்டேன்,
பொய் சுருக்கமாக இருந்தது.

அது உப்புதான். லித்தியம்.
காசிமேட்டுக்காரனுக்கு
உப்பையே மருந்தாகத் தருகிறார்கள்.

அந்த வருசத் தடைக்காலம்.
அறுபத்தொரு நாள் விசைப்படகெல்லாம் கட்டிக் கிடக்கும்,
என்ஜின் வேலைக்காரனுக்கு அப்போதுதான் சீசன்.
முதலில் தூக்கம் போனது.
போனதே தெரியவில்லை, அவ்வளவு நல்லா இருந்தது.
ஒரே ராத்திரியில் மூணு என்ஜினைப் பிரித்தேன்.
டெல்பினாவின் வளையலை அடகு வைத்து
புதுப்பேட்டையில் பதினோரு டைனமோ வாங்கினேன்.
கடல் தண்ணியில் ஓடும் என்ஜினைப் பற்றி
மீன்வளத்துறைக்கு நாற்பது பக்கம் எழுதினேன்.
கேட்காத ஒருத்தரின் படகுக்கு
விடிவதற்குள் மஞ்சள் பெயின்ட் அடித்தேன்.
அவர் அடிக்க வந்தார்.
அவரையும் கட்டிப்பிடித்தேன்.
இன்னாபா, சரக்கா? என்றார்கள்.
ஒரு சொட்டு குடிக்கவில்லை.

தடை முடிந்தது. படகெல்லாம் போய்விட்டது.
பதினோரு டைனமோவும் நானும் கரையில்.
ஆடி, ஆவணி, புரட்டாசி.
சுவரில் சுண்ணாம்பு உரிந்த ஓர் இடம்,
அதைப் பார்த்தபடியே கிடந்தேன்.
பல் விளக்க எழுந்திருப்பது
கன்டெய்னரை முதுகில் ஏற்றுகிற மாதிரி.
குழாயடியில் ஒருத்தி செய்வினை என்றாளாம்,
இன்னொருத்தி கீழ்ப்பாக்கம் என்றாளாம்.
குடத்தை இறக்கி வைத்து டெல்பினா சொன்னாளாம்:
"வியாதி. அதுக்குப் பேரு இருக்குது. ஓபி சீட்டும் போட்டாச்சு.
இப்ப தண்ணி புடிங்க."

இப்போது எங்களுக்குள் ஓர் ஒப்பந்தம்.
ஏடிஎம் கார்டு அவளிடம்.
ரெண்டு ராத்திரி சேர்ந்தாற்போல்
நாலு மணி நேரத்துக்குக் கீழே தூங்கினால்
ஸ்பேனர் பெட்டிச் சாவியும் அவளிடம்.
நிதானமாக இருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை
நான்தான் கையெழுத்துப் போட்டேன்.
வெயில் நாளில் தண்ணி பாட்டில் இல்லாமல்
என்ஜின் ரூமுக்குள் இறங்குவதில்லை.
சாப்பாட்டு உப்பைத் திடீரென்று கூட்டக் கூடாது, குறைக்கவும் கூடாது.
வலி மாத்திரை கேட்காமல் போடக் கூடாது.
கருவாட்டுக்கு மட்டும் என்ன கணக்கு என்று கேட்டேன்,
டாக்டரம்மா முதல் தடவையாகச் சிரித்தாங்க.

கை லேசாக நடுங்கும்.
டேப்பட் பார்க்கிற தகடு விரலில் நிற்பதில்லை.
சகாயம் பிடிக்கிறான், நான் காதால் சொல்கிறேன்:
இன்னும் கொஞ்சம். ம். நிறுத்து.
இடைவெளி இல்லாமல் இறுக்கினால் வால்வு கருகும்.
ரொம்ப விட்டால் கடகடவென்று கத்தும்.
இருபது வருசமாக
மத்தவங்க என்ஜினுக்குச் சொல்லி வந்த விஷயம்.

ஒன்று மட்டும் டெல்பினாவிடம் சொன்னதில்லை.
மஞ்சள் பெயின்ட் அடித்த அந்த விடிகாலையில்
தண்ணியில் விழுந்த ஹார்பர் லைட் ஒவ்வொன்றும்
என்னைப் பேர் சொல்லிக் கூப்பிட்டது.
அப்புறம் எதுவும் கூப்பிடவில்லை.
லைட் லைட்டாக இருக்கிறது.
சில ராத்திரி, சும்மா, போய்ப் பார்த்துவிட்டு வருவேன்.

மதியம் ரிசல்ட். பூஜ்யம் புள்ளி ஏழு.
ஷேர் ஆட்டோவில் ஓரமாகத் தொங்கியபடி போனை எடுத்தேன்.
"எவ்ளோ?"
"புள்ளி ஏழு."
"நேத்து தூக்கம்?"
ஆறு என்று வாய் வரைக்கும் வந்தது.
"அஞ்சரை."
அந்தப் பக்கம் கொஞ்ச நேரம்
மார்க்கெட் இரைச்சல் மட்டும்.
"சரி. வரும்போது தக்காளி வாங்கிட்டு வா.
அரைக் கிலோதான்."