ஒன்றரை நாள்

பதினாலு கம்பம் நட வேண்டும் என்றார்
மின்வாரியத்தில்.
கம்பத்துக்கு இவ்வளவு என்று எழுதி
தாளை என் பக்கம் திருப்பி வைத்தார்.
பள்ளத்தூர்த் தைலமரக் காட்டுக்கு அப்பால்
எங்கள் ஒன்றேகால் ஏக்கர் செம்மண்
அந்தத் தொகையில் பாதிகூடப் பெறாது.

காரைக்குடி, ஜபருல்லா கடை.
‘முதல்ல என்னென்ன ஓடும்,
எத்தனை மணி நேரம்னு சொல்லுங்க.’
செவத்தியான் டிவியில் தொடங்கினான்.
நான் பொரிப்பானில் தொடங்கினேன்.

காடை அடைகாக்காது.
எந்தத் தலைமுறையிலோ மறந்துபோன பிறவி.
முட்டையை இட்ட இடத்தில் விட்டுவிட்டு
தீவனத் தட்டுக்கு ஓடும்.
பதினேழு நாள், முப்பத்தேழரை டிகிரி,
முந்நூறு முட்டைக்கும் நான்தான் வயிறு.

நாற்பது வாட், இருபத்துநாலு மணி நேரம்:
தொள்ளாயிரத்து அறுபது.
பல்பு ரெண்டுக்குத் தொண்ணூறு.
காற்றாடி ராத்திரிக்கு மட்டும், இருநூற்றுச் சொச்சம்.
போனுக்குப் பதினைந்து.
டிவிக்கு அவர் பேனாவை எடுக்கவேயில்லை.
செவத்தியான் தொண்டையைச் செருமினான்,
அவ்வளவுதான்.

பெரிய பலகை ஒன்று சுவரில் சாய்ந்திருந்தது,
கதவு அகலம்,
எங்கள் இருவர் முகமும் அதில் நீலமாக.
இருபத்தைந்து வருடம் உத்தரவாதம் என்றார்.
எனக்கு நாற்பத்து நாலு.
கூட்டிப் பார்த்துவிட்டுப் பேச்சை மாற்றினேன்:
‘மேற்கே ஒரு பனை நிக்குது.
நாலு மணிக்கு நெழல் கூரைக்கு வந்துரும்.’

‘வெட்டிர்றதா?’

‘இல்லை.’

அவர் சிரித்தார்.
‘அப்ப சின்னதா ரெண்டு வாங்குங்க.
தொடராக் கட்டாதீங்க,
ஒருத்தி நெழல்ல மயங்குனா
அடுத்தவளையும் இழுத்துக்கிட்டு விழுவா.
இணையாக் கட்டுங்க.
அவ அவ வெயிலு அவ அவளுக்கு.’

பேட்டரிதான் இழுத்தது.
லித்தியம் தூக்கிப் பார்த்தேன், கைக்குழந்தைக் கனம்;
விலை மட்டும் கல்யாண வயசுப் பெண்.
டியூபுலர் ரெண்டு பேர் தூக்க வேண்டும்,
மாதாமாதம் தண்ணீர் பார்க்க வேண்டும்,
சித்திரைச் சூட்டில் ஆயுள் குறையும்.
‘அப்புறம் ஒண்ணு,
இதுல பாதிதான் உங்களது.
மீதிப் பாதி அதோட உயிர்.
பன்னெண்டு வோல்ட்டுக்குக் கீழ விட்டுறாதீங்க.’

பிறகு கேட்டார்,
ரசீதுப் புத்தகத்தைத் திறந்துகொண்டே:
‘சூரியன் இல்லாம எத்தனை நாள் தாங்கணும்?’

கடையில் வேறு யாரோ
ஸ்க்ரூ எண்ணிக்கொண்டிருந்தார்கள்.
இதுவரை என்னை யாரும் கேட்டதில்லை,
எத்தனை நாள் என்று.
வந்தது, தாங்கினோம்.
‘மூணு’ என்றேன்.
கால்குலேட்டரை என்னிடம் நீட்டினார்.
மடியிலிருந்த பணத்தை நினைத்துக்கொண்டு
‘ஒன்றரை’ என்றேன்.
டியூபுலர் ரெண்டு. பலகை ரெண்டு.
டிராக்டருக்குத் தனி.

ஐப்பசி.
அடைமழை என்று சும்மா சொல்லவில்லை,
வானமே இறக்கையை விரித்து
எங்கள் மேல் அடைக்கு உட்கார்ந்த மாதிரி.
முதல் நாள் பலகைகள் கொஞ்சம் முனகின.
இரண்டாம் நாள் சாயங்காலம்
செவத்தியான் காற்றாடியை நிறுத்தினான்,
நான் கேட்காமலே.
பல்பை நான்.
போன் ரெண்டும் செத்துக் கிடந்தன ஜன்னலில்.

மூன்றாம் ராத்திரி.
பன்னிரண்டு புள்ளி இரண்டு.
எழுந்து போய்ப் பார்த்தேன், புள்ளி ஒன்று.
கொசு காதுக்குள் கணக்கு கேட்டது.
பொரிப்பானில் அந்தச் சிவப்புப் புள்ளி
அணைந்து, எரிந்து, அணைந்து.
‘எவ்வளவு?’ என்றான் இருட்டிலிருந்து.
‘இருக்கு’ என்றேன்.

முட்டைக்கு இன்னும் நாலு நாள்.
மழை விட்டால்
ஜபருல்லாவிடம் சொல்ல வேண்டும்,
ஒன்றரை நாள்தான் உங்களிடம் வாங்கினோம்,
மீதி ஒன்றரையை
இருட்டாகக் கட்டிக்கொண்டிருக்கிறோம்.