பனி படியாத கம்பி

ஹீட்டரின் முதுகில் அச்சிட்டிருந்தது
இரண்டாயிரம் வாட் என்று.
வட்டக் கூடாரத்தின் நடுவில் அதை வைத்து
இரண்டு கோட்டு போட்டபடி
எதிரே உட்கார்ந்திருந்தாள் துங்கலக்.
வெளியே உலான்பாத்தர்,
பூஜ்யத்துக்குக் கீழே முப்பத்தொன்று.
உள்ளே வாளித் தண்ணீரின் மேல்
கண்ணாடியாய் ஓர் ஏடு.

லோடோய் ஏமாற்றிவிட்டான்.
நவம்பரிலேயே முடிவு செய்துவிட்டாள்.
புகார் மனுகூட எழுதியாயிற்று,
எத்தனை வாட் குறைகிறது என்ற இடம் மட்டும் காலி.
கம்பளி ஆலையில் பதினாறு வருடம் கணக்கெழுதுகிறவள்
எண் இல்லாத தாளில் கையெழுத்திட மாட்டாள்.

ஆலை மெக்கானிக்கிடம் மீட்டர் இரவல் வாங்கினாள்.

ஹீட்டரை அணைத்து அளந்தாள்: இருநூற்றிருபது வோல்ட்.
போட்டு அளந்தாள்: நூற்றறுபது.
நம்பாமல் மறுபடி அணைத்தாள்.
இருநூற்றிருபது.
யாரும் கேட்காதவரை
முழுதாக இருக்கிற வாக்குறுதி.

இரட்டை ஒயரைப் பிரித்து
ஒன்றை மட்டும் மீட்டரின் தாடைக்குள் விட்டாள்.
ஆறு புள்ளி ஆறு ஆம்பியர்.

காலண்டர் தாளின் பின்பக்கம்:
நூற்றறுபதை ஆறு புள்ளி ஆறால் வகுத்தால்
இருபத்துநான்கு ஓம், கொஞ்சம் மேலே.
அச்சில் இருப்பதையும் சோதித்துவிடுவோம் என்று
இருநூற்றிருபதை அதனாலேயே பெருக்கி
இரண்டாயிரத்தால் வகுத்தாள்.
இருபத்துநான்கு ஓம், கொஞ்சம் மேலே.

பென்சில் நின்றது.
ஹீட்டர் பொய் சொல்லவில்லை.

நூற்றறுபது, தடவை ஆறு புள்ளி ஆறு:
ஆயிரத்து ஐம்பத்தாறு வாட்.
குறைவது தொள்ளாயிரத்து நாற்பத்துநான்கு.
அதில் ஐநூற்று நாற்பத்தெட்டு
பிறக்கவே இல்லை, அதற்கு அழ வேண்டியதில்லை.
மீதி முந்நூற்றுத் தொண்ணூற்றாறு பிறந்தது.
கம்பத்தில் இருக்கிற மீட்டரைச் சுழற்றியது,
மாதாமாதம் பில்லில் ஏறியது,
அவள் வாசலுக்கு வருமுன்
வழியிலேயே தீர்ந்தது.

கதவைத் தள்ளிக்கொண்டு வெளியே போனாள்.
சரிவு முழுக்கக் கம்பிகள்,
வேலிக்கு வேலி, விரல் தடிமனுக்கு
வெள்ளையாய்ப் பூத்த உறைபனி.
அவளுடையது மட்டும் கறுப்பு.
அதன் மேல் ஏழு குருவிகள்
பஸ்ஸில் இடம் பிடித்தவர்கள் போல நெருக்கியடித்து.

தினமும் பார்த்ததுதான்.
'நம் வீட்டு ராசி' என்று
மகள் மிச்சித்மாவிடம் சொல்லியும் இருக்கிறாள்.

ராசியை வகுத்துப் பார்த்தாள்:
தொலைந்த அறுபது வோல்ட், கீழே ஆறு புள்ளி ஆறு.
ஒன்பது ஓம்.
போக இருநூறு மீட்டர், வர இருநூறு மீட்டர்,
நூல் மாதிரி ஒரு கம்பி.
அதை வாங்கியது யார்?
தடித்ததை லோடோய் எடுத்துக் காட்டினான்,
இரண்டு முறை.
'கம்பிதானே' என்று பேரம் பேசி
பாதி விலைக்கு மெல்லியதைச் சுருட்டிக்கொண்டு வந்தது
இந்தக் கைதான்.

பழி ஓரிடம், பாவம் ஓரிடம்.

மனுவின் பின்பக்கத்தில் நானூறு மீட்டருக்கு விலை எழுதி
சந்தைக்குப் போனாள்.
சொன்ன விலையைக் கொடுத்தாள்.
கள்ள நோட்டோ என்று
ஒவ்வொன்றையும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தான் லோடோய்.

சனிக்கிழமை புதுக் கம்பி ஏறியது.
இருநூற்று ஐந்து வோல்ட்.
வாளியில் ஏடு இல்லை.
மிச்சித்மா ஒரு கோட்டைக் கழற்றி
எங்கே வைப்பதென்று தெரியாமல் கையில் வைத்திருந்தாள்.

செவ்வாய்க்கிழமை அந்தக் கம்பியும் வெளுத்துவிட்டது.
குருவிகள் வந்தன.
உட்கார்ந்தன.
ஒரு காலைத் தூக்கி, மறு காலைத் தூக்கி,
ஒவ்வொன்றாகக் கிளம்பின.

எந்தப் பக்கம் போகின்றன என்று பார்க்க
கதவைத் திறந்தபடி நின்றாள்.
'அம்மா, சூடு போகுது' என்று
உள்ளிருந்து குரல்.
மூடினாள்.