ஆறு சென்டிமீட்டர் நைலான்

மீன் பிடிக்கவும் உதவாத மெல்லிய நைலான்.
ஆறு சென்டிமீட்டர் நீட்டி
அதன் நுனியால் கருவிழியைத் தொட்டுப் பார்ப்பது
என் வேலை.
புன்டா அரேனாஸில், காற்று
ஜன்னலைப் பிடித்து உலுக்கும் மாடி அறையில்.

எதுவீனா பர்ரீயா, ஐம்பத்தொன்று.
ஜலசந்தியைக் கடக்கும் போர்வெனீர் படகில்
கயிறு வீசுகிறவள்.
போன குளிர்காலம் இடது நெற்றியில் அக்கி கண்டு
கண்வரை இறங்கிப் போயிருந்தது.

முதலில் வலது.
நூல் பட்டதோ இல்லையோ
இமை விழுந்துவிட்டது.
மன்னிக்கணும் என்றாள்.

பிறகு இடது.
ஆறு. நான்கு. இரண்டரை.
குறைக்கக் குறைக்க நூல் விறைக்கும்.
ஒன்றுக்கு வந்துவிட்டேன், அது ஏறக்குறைய முள்.
என் தோளுக்குப் பின்னால் தொங்கிய
நாட்காட்டியைப் பார்த்தபடி
"ஆரம்பிச்சாச்சா?" என்றாள்.

வலிக்காதது நல்லதுதானே?
இல்லை, எதுவீனா.
உறுத்தினால்தான் இமை விழும்,
விழுந்தால்தான் ஈரம் பரவும்.
உறுத்தல் போன கண்
காய்வது தெரியாமல் காயும்.
இமைக்காமல் இருப்பது தேவர்களுக்குச் சரி,
அவர்கள் ஊர்க் காற்றில் மணல் கிடையாது.

"மூடித் திறக்கத்தானே செய்யுது?"
வலதுக்கு வலிக்கிறது,
இரண்டும் சேர்ந்து மூடுகின்றன.
இடது
கடனில் இமைக்கிறது.

ஓரத்தில் இரண்டு தையல் போட்டு
இமையைக் கொஞ்சம் குறுக்கலாம் என்றார் டாக்டர்.
நண்டு சீசன் முடியட்டும் என்றாள்.
சொட்டு மருந்து மணிக்கொரு முறை,
இரவில் இமைமேல் பிளாஸ்திரி.
சீட்டை நான்காய் மடித்து
கையுறைக்குள் செருகிக்கொண்டு போனாள்.

ஐந்து வாரம் கழித்து வந்தாள்.
வலது கண் மிளகாய் பட்டதுபோல் சிவந்திருந்தது.
இடது,
நான் பயந்துகொண்டே விளக்கைக் கொண்டுபோன இடது,
ஒரு கீறல் இல்லாமல் தெளிந்திருந்தது.

என்ன செய்தீர்கள்?

முப்பது வருஷமாக
காற்றுக்கு முதுகு காட்டித்தான் நிற்பாளாம்.
இப்போது, படகு கரையை விட்டதும்
மேற்கிலிருந்து அது வரும் பக்கம்
வலது கன்னத்தைக் கொடுத்து நிற்கிறாளாம்.
"எரியும். எரிஞ்சா மூடும்.
ரெண்டும் மூடும்."

கூட வேலை செய்யும் நொல்பெர்த்தோ
யாருக்காக இப்படி அழுகிறாய் என்று கேட்டானாம்.
பக்கத்து வீட்டுக்காரிக்கு என்றாளாம்.

சிரித்தாள்.
நாற்காலியில் தாடையை வைத்தாள்.
நூலை நீட்டினேன், மறுபடி ஆறிலிருந்து.
இடது கண் என்னைப் பார்த்தது,
ஒன்றும் தெரியாததுபோல்.