பதினெட்டுக்கு ஒரு குறடு

நடுவரின் தாளில் பதினெட்டு.
பலகையில் பதினாறு.
மண்டபம் முழுக்கப் பலகையைத்தான் நம்பியது.
பேர்ன் அணி கை கொடுக்காமலே வேனில் ஏறியது.

ஓல்டனில் அன்றும் மூடுபனி.
ஆரே ஆறு வெறும் ஓசையாக இருந்தது.

கழகத்தின் பொருளாளர் நான்.
பலகையின் முதுகை நான் திறந்தது
வேறு எவரிடமும் திருப்புளி இல்லாததால்.
எட்டின் வலது தோள் எரியாவிட்டால் அது ஆறு.
அந்தத் தோளுக்குப் போகும் மஞ்சள் வயர்
வெள்ளைக் கூட்டுக்குள்
எழும்பிப் போகக் காத்திருக்கும் விருந்தாளி மாதிரி
நுனியில் உட்கார்ந்திருந்தது.
மெல்ல இழுத்தேன். வந்துவிட்டது.

நுனியில் ஒரு பின், அரிசிமணி அளவு.
அதற்கு நான்கு சிறகு.
முன்னிரண்டு செம்பைப் பிடிக்க,
பின்னிரண்டு தோலைப் பிடிக்க.
முன்னிரண்டும் வாய் பிளந்து கிடந்தன.
பின்னிரண்டின் தயவில்
நான்கு வருடம் எண்ணியிருக்கிறது எங்கள் பலகை.

"ஈயத்தை ஊத்திவிடுங்கோ அக்கா" என்றார்
செயலாளர் நிமலரூபன்.
ஊற்றலாம்.
ஆனால் எந்த ஊரில் ஆட்டம் என்றாலும்
இந்தப் பலகை வேனின் பின்னால் குலுங்கிக்கொண்டு போகும்.
ஈயம் குடித்த கம்பி விறைக்கும்,
விறைப்பு முடியும் இடத்தில் முறியும்.

குறடு தேடினேன்.
பின் செய்த கம்பனியே செய்தது நானூற்றுப் பத்து பிராங்க்.
அந்த ஒரு பின்னைத் தவிர வேறெதையும் கடிக்காதாம்.
பெட்டியில் இருந்தது இருநூற்றுப் பன்னிரண்டு,
அதில் பந்துக்கு எண்பது.

இருபத்தொன்பதுக்கு ஒன்று வாங்கினேன், என் காசில்.
நீலப் பிடி.
முழுதாக அழுத்தி முடியும்வரை வாய் திறக்காத விசை.
கிளிக், கிளிக்.
பிழை என்று பாதியில் தெரியும்,
பாதியில் விட அது சம்மதிக்காது.
பின் வாழைப்பழமாக வளைந்து வந்தது.
சிறகு தோலைக் குத்திக் கிழித்தது.
ஏழு இழையில் மூன்று அறுந்தது.
கெட்டவை முப்பத்தொன்று.
எண்ணுவது என் வேலை.

பாலத்துக்கு இந்தப் பக்கம் ஊர்ஸ் அம்மானின் கடை.
என்னைவிடப் பத்து வயது இளையவர்,
தாடியில் பாண் துகள்.
முப்பத்தொன்றையும் மேசையில் கொட்டினேன்.
பூதக்கண்ணாடி பிடித்து ஒவ்வொன்றாகப் பார்த்தார்,
பல்வைத்தியர் மாதிரி, ம்ம் என்றபடி.
"பின்னில் குற்றமில்லை. குறட்டுக்கு வாய் அகலம்."

லாச்சிக்குள் இருந்து சின்னது ஒன்று வந்தது.
விசை இல்லை, கிளிக் இல்லை.
வாயில் வரிசையாக நான்கு பள்ளம்,
மில்லிமீற்றரில் பத்தில் ஒன்றைக் கணக்குப் பார்த்து வெட்டியவை.
சின்னப் பள்ளத்தில் செம்புக்கு ஒரு கடி.
பெரிய பள்ளத்தில் தோலுக்கு,
அதைக் கடி என்று சொல்ல முடியாது,
சட்டைக் கொலரைப் பிடிப்பதுபோல்.

"எவ்வளவு அழுத்த வேண்டும்?"
"இழுத்துப் பாருங்கள். கழன்றால் காணாது.
இழை அறுந்தால் கூடிவிட்டது."
இரண்டுக்கும் நடுவில் என்ன என்று
அவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.
அறுபத்துநான்கு பிராங்க்.

இரவு சமையலறையில்
ஒன்பதாவது பின் பிடித்தது.
ஒரு கிலோ சீனிப் பையைக் கட்டித் தொங்கவிட்டேன்.
தொங்கியது.
தேத்தண்ணி குடித்து முடித்துத் திரும்பிப் பார்த்தேன்,
அப்போதும் தொங்கியது.

அடுத்த ஞாயிறு, இரண்டாவது செட்.
பதினேழு பதினெட்டானது.
வலது தோள் எரிந்தது.
எவரும் பார்க்கவில்லை.
பந்து கோட்டிலா வெளியிலா என்று
இரண்டு அணியும் நிலத்தைக் குனிந்து பார்த்தபடி
சண்டை பிடித்துக்கொண்டிருந்தன.

ஆண்டுக் கூட்டத்தில் கணக்கு வாசித்தேன்.
"அறுபத்துநான்கு, எதுக்கு?" என்றாள் சுகிர்தா.
"பதினெட்டுக்கு."
அப்படியே எழுதிக்கொண்டார்கள்.
இருபத்தொன்பதைப் பற்றி
நான் வாய் திறக்கவில்லை.