தொகையைச் சொல்லக்கூடாது

தொகையைச் சொல்லக்கூடாது என்று
ஒப்பம் வைத்திருக்கிறேன்.
சொல்லமாட்டேன்.

மற்றதைச் சொல்லலாம்.
ஸ்காபரோவில், ரயில் பாதைக்குப் பின்னால்,
சலாட் இலை கழுவிப் பையில் அடைக்கும் கொம்பனி.
உள்ளே நாலு பாகை. கைக்கு இரண்டு சோடி உறை.
இரவு வேலை முடிந்து வெளியே வந்தால்
ஐப்பசிக் காற்று சூடாகத்தான் இருக்கும்.

சாப்பாட்டறையில், மைக்ரோவேவுக்குப் பக்கத்தில்,
நாற்பத்தொரு அட்டையில் கையெழுத்து வாங்கினோம்
நானும் மரிசெல்லும்.
நாற்பத்திரண்டாவதை யாரிடம் நீட்டினோம் என்பதுதான்
இன்னமும் யோசனை.

வெள்ளிக்கிழமை கடிதம் வந்தது, இருவருக்கும்.
தலைமுடி வலை சரியாக அணியவில்லையாம்.
பதினோரு வருடம்
அதே வலை, அதே தலை.

பத்தொன்பது மாதம் போய் ஓர் அறை.
அவர்களுடைய லோயர் கணக்கை வாசித்தார்.
இழந்த சம்பளம் இத்தனை.
இடையில் நான் உழைத்ததெல்லாம் கழிவு:
விடிய நாலு மணிக்குப் பேப்பர் போட்டது,
வில்வராசா வீட்டுக் கலியாணத்துக்கு
முந்நூறு மீன் ரோல் உருட்டியது.
ரோலைக்கூட எண்ணிக் கழித்தார்கள்.
சும்மா இருந்திருந்தால்
வேலை தேடவில்லை என்று கழித்திருப்பார்கள்.

மன உளைச்சல் என்றொரு தலைப்பும் இருந்தது.
மகனுடைய பல்லுக் கம்பி பாதியில் நின்றது
எந்தத் தலைப்பில் வரும் என்று கேட்டேன்.
மொழிபெயர்க்க வந்த பிள்ளை
என்னைப் பார்த்தாள், பேனாவைப் பார்த்தாள்,
மொழிபெயர்க்கவில்லை.

வேலை திரும்ப வேண்டுமா,
இல்லாவிட்டால் இன்னும் கொஞ்சக் காசா?
யூனியன் ஆள் மெல்லக் கேட்டார்.
அடுத்த நாள் முதலாம் திகதி, வாடகை.
காசு, என்றேன்.
மரிசெல் வேலையைக் கேட்டாள்.

தொகையைச் சொல்ல எனக்குத் தடை.
அந்த ஒரு சொல்லைச் சொல்லத்தான் கூச்சம்.

நேற்று பின்ச் பஸ்ஸில் அவளைக் கண்டேன்.
விரல் நுனியெல்லாம் பழையபடி வெள்ளை.
சங்கத்தில் சேர உங்களுக்கு உரிமை உண்டு என்று
கொம்பனியே ஒப்பம் வைத்த அறிவித்தல்
சாப்பாட்டறைச் சுவரில் இருக்கிறதாம்,
அறுபது நாளைக்கு.
மைக்ரோவேவ் ஆவியில் மூலை கழன்று கழன்று தொங்க,
ஒவ்வோர் இரவும் யாரோ
டேப் ஒட்டி வைக்கிறார்களாம்.

நீதானே, என்றேன்.

நான் இல்லை, என்றாள்.