சிவப்புப் புள்ளி

ஸ்ரான்லி வீதியில் கமராக் கடை.
"உதில மூண்டு வகை கிடக்கு அக்கா" என்றான் நிறோஜன்.
எனக்குத் தெரிய வேண்டியது ஒன்றுதான்:
இருட்டில் என் முந்திரிகையை ஆர் தின்கிறது?

கையில் முப்பத்தெட்டாயிரம்.
போன போகத்தில் தப்பிய குலைகளின் காசு.

சூட்டைப் பார்க்கிற கருவி நாலு லட்சம்.
அதை அலுமாரிக்குள்ளிருந்து அவன் எடுக்கவேயில்லை,
விலையை மட்டும் எடுத்துக் காட்டினான்.

அடுத்தது பச்சைக் குழாய். ஆரோ பாவித்தது.
ஓரமெல்லாம் மங்கல், நடுவில் கறுப்புப் பொட்டு.
பகல் வெளிச்சத்தில் திறந்தால் பழுதாய்ப் போகுமாம்.
கண்ணில் வைத்தேன்.
அந்தப் பச்சை.
கை தானாகவே அதை மேசையில் வைத்துவிட்டது.
ஒரு காலத்தில் நானும் அந்தப் பச்சைக்குள்
நடந்து போயிருப்பேன், வாளியும் கையுமாய்.
எப்படித் தெரிந்தேன் என்று கேட்க
ஆளைத் தெரியாது.

மூன்றாவது, போன் மாதிரித் திரை உள்ளது.
தானே ஒரு விளக்கைக் கொளுத்தித் தானே பார்க்கும்.
"எட்டு மடங்கு எண்டு பெட்டியில போட்டிருக்கே?"
"நாலுக்கு மேல சதுரம் சதுரமா உடையும் அக்கா."
"முந்நூறு மீற்றர்?"
"அது பெட்டிக்கு. உங்கட தோட்டத்துக்கு அறுபது காணும்."
பொய் சொல்லத் தெரியாத வியாபாரி.
இவனிடமே வாங்குவது என்று அப்போதே முடிவு.

பின்னறையில் லைற்றை நூர்த்துவிட்டுத் தந்தான்.
சாம்பல் நிறப் பெட்டிகள், சுவரில் பல்லி,
அதன் கண் இரண்டும் ஊசித் துவாரமாய் மினுங்க.
அவன் மூக்கைச் சொறிந்தான்,
நான் பார்க்கிறேன் என்று தெரியாமல்.
எனக்குத்தான் வெட்கமாய்ப் போயிற்று.

"விளக்கில ரெண்டு விதம்.
இது எண்ணூற்றைம்பது. எரியேக்க வாயில சிவப்பா ஒரு புள்ளி தெரியும்.
மற்றது தொள்ளாயிரத்து நாற்பது. ஒருத்தருக்கும் ஒண்டும் தெரியாது.
தூரம் குறைவு, ரெண்டாயிரம் கூட.
ஆனா வாறவை எல்லாம் அதைத்தான் கேக்கினம்."
நான் சிவப்பைக் கேட்டேன்.
பார்க்கிற ஆள் நிற்கிறது
பார்க்கப்படுகிற ஆளுக்குத் தெரியவேண்டாமா?
முப்பத்தாறாயிரத்து ஐந்நூறு. பற்றரி வேறு.

சிறுப்பிட்டி. அமாவாசைக்கு அடுத்த நாள்.
திரை வெளிச்சத்தை ஆகக் குறைத்து,
ஒரு கண்ணை மூடி இருட்டுக்குப் பழக்கி வைத்து,
பந்தலுக்குக் கீழே வாழைக்குட்டியோடு குட்டியாய்க் குந்தினேன்.
பத்தரை. ஒன்றுமில்லை. நுளம்பு.
பதினொன்றே காலுக்கு வந்தார்கள்.
தலைகீழாய்த் தொங்கி, பழத்தைக் கட்டிப்பிடித்து,
சாறு உறிஞ்சித் தோலைத் துப்புகிற வௌவால்கள்.
எண்ணினேன், எட்டு. இல்லை, பதினொன்று.
இரண்டு போகமாய் நான் சந்தேகப்பட்டது
பக்கத்துக் காணி இராசகுலத்தாரை.

திருப்பினேன். அவர் நின்றார்.
வேலிக்கு அப்பால், தன் கிணற்றடியில், சாரமும் வெறும் மேலுமாய்,
மோட்டர் சுவிச்சுக்கு நீட்டிய கை அப்படியே நிற்க.
என் புள்ளியைக் கண்டுவிட்டார்.
மெல்ல, மிக மெல்ல,
இரண்டு கைகளையும் தலைக்கு மேலே தூக்கினார்.

"நான்தான் குலமண்ணை! யசோ! யசோ!"
கருவி விழுந்த இடத்தில் மண்ணும் புல்லும்
பெரிதாய்த் திரையில்.

வேலிப் பொட்டுக்குள்ளால் வந்து, குந்தி, வாங்கிப் பார்த்தார்.
கனநேரம் பேசவில்லை.
"பன்ரெண்டு" என்றார் பிறகு,
"உன்ர கணக்குப் பிழை."
"வலை போடவேணும்."
"வலை என்ன விலை?"
"இருபத்தையாயிரம்."
"உது?"
சொன்னேன். சிரித்தார். சிரிப்புச் சத்தத்தில்
அரைவாசி வௌவால்கள் எழும்பிப் போயின.

எழும்பப் போனவர் திரும்பிக் கேட்டார்:
"உதுக்குள்ளால நான் எப்பிடித் தெரிஞ்சனான்?"

"சாம்பல் நிறம். சாரம் தெரிஞ்சது.
ஒரு கை சுவிச்சில."

அதற்குப் பிறகு கண்டதை
நான் சொல்லவில்லை, அவர் கேட்கவுமில்லை.
பற்றரியைக் கழற்றிப் பொக்கற்றில் வைத்தேன்.
இன்னும் சூடாய் இருந்தது.